சுட்டுவிரல் அளவுக்கு வளையும் கண்ணாடி

கேள்வி: கம்பத்திலிருந்து வரும் ஃபைபர் கேபிள் எங்கள் மொட்டைமாடி வழியாக இறங்கி, ஹாலில் பீரோவுக்குப் பின்னால் போகிறது. பெயிண்ட் அடிக்க பீரோவை நகர்த்தி வைத்த நாளிலிருந்து, மோடத்தில் ஒளி வரவில்லை என்று காட்டும் எல்.ஓ.எஸ். விளக்கு அடிக்கடி சிவப்பாக மின்னி நெட் அறுந்துபோகிறது. பார்க்க வந்த தம்பி, "வளைச்சாலும் ஒண்ணும் ஆகாத ஃபைபர் இருக்கு, மாத்திடலாம்" என்கிறார். அம்பத்தூர் எஸ்டேட்டில் உள்ள எங்கள் பட்டறைக்கும் அதையே இழுக்கலாமா? உண்மையிலேயே ஒன்றும் ஆகாதா?
— வாசகி, திருமுல்லைவாயில்

பதில்: எதையும் மாற்றும் முன் பீரோவை ஒரு சாண் முன்னால் இழுத்துப் பாருங்கள். சிவப்பு விளக்கு அணைந்துவிட்டால், கேபிள் மடங்கியோ நசுங்கியோ கிடந்த இடம் அதுதான்.

ஃபைபரில் ஒளி ஓடும் நடுப்பகுதி சுமார் 9 மைக்ரான்தான். சுற்றியுள்ள கண்ணாடியையும் சேர்த்தால் 125 மைக்ரான். இழையைக் கூர்மையாக வளைத்தால் அந்த நடுப்பகுதியை விட்டு ஒளி வெளியே கசியும். வளைவு தாங்கும் இழைகள் பலவற்றில், நடுப்பகுதியைச் சுற்றி ஒளிவிலகல் எண் குறைந்த கண்ணாடி வளையம் ஒன்று இருக்கும். வாய்க்கால் நீரை வரப்பு தடுப்பதுபோல அது கசிவைத் தடுக்கிறது.

ஆனால் தாங்குவதற்கும் அளவு உண்டு. தெருவில் ஓடும் ஜி.652.டி வகைக்கு வளைவின் ஆரம் 30 மி.மீ.க்குக் குறையாமல் பார்த்துக்கொள்வது வழக்கம். வளைவு தாங்கும் இழைக்கான ஜி.657 தரம் 2006இல் வந்தது. அதில் ஏ1 வகைக்கு ஆரம் 10 மி.மீ., அதாவது கட்டைவிரலைச் சுற்றும் வளையம். ஏ2 வகைக்கு 7.5 மி.மீ., சுட்டுவிரலைச் சுற்றும் வளையம். அந்த ஏ2 இழையிலும், 1550 நானோமீட்டர் ஒளியில், ஒரு முழுச் சுற்றுக்கு 0.5 டெசிபல் வரை இழப்பு அனுமதிக்கப்பட்டிருக்கிறது. சுமார் 11 சதவீத ஒளி. ஆகவே "ஒன்றும் ஆகாது" என்பது சரியல்ல. "குறைவாக ஆகும்" என்பதே சரி. மேலும், இவை உள்ளே இருக்கும் இழைக்கான அளவுகள். உறையோடு கூடிய கேபிளை எவ்வளவு வளைக்கலாம் என்பதற்கு, கேபிள் தயாரிப்பாளர் தரும் அளவுதான் கணக்கு.

உங்கள் கேபிளே ஜி.657 வகையாக இருக்கலாம். மேலுறையில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். அப்படி இருந்தால் பணம் செலவழித்து மாற்றியும் பயனில்லை. பீரோவின் கால் நசுக்குவதையோ, ஜன்னல் கதவு கடிப்பதையோ, ஆணி இறுக்குவதையோ எந்த வகையும் தாங்காது. கனெக்டர் முனையில் படிந்த தூசிக்கும் இழையின் வகைக்கும் சம்பந்தமே இல்லை.

கோளாறு வளைவிலா, தூசியிலா என்று பிரித்தறிய வழி இருக்கிறது. வளைவு நீண்ட அலைநீளத்தையே அதிகம் பாதிக்கும். பார்க்க வருபவர் அளக்கும்போது 1310 நானோமீட்டரில் இழப்பு குறைவாகவும் 1550இல் அதிகமாகவும் இருந்தால் வளைவைத் தேடச் சொல்லுங்கள். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு என்றால் கனெக்டரைத் துடைக்கச் சொல்லுங்கள். ஜிபான் வகை ஃபைபர் இணைப்பில் வீட்டுக்கு வரும் ஒளி 1490, வீட்டிலிருந்து போவது 1310. அதனால்தான் வளைவு, வீட்டுக்கு வரும் ஒளியை முதலில் கெடுத்து, சிவப்பு விளக்கை எரிய வைக்கிறது. மாலையில் மட்டும் வேகம் குறைகிறது, விளக்கு பச்சையாகவே இருக்கிறது என்றால் வைஃபையையோ தெருவின் நெரிசலையோ பாருங்கள். வளைவைச் சந்தேகிக்க வேண்டாம்.

பட்டறைக்கு ஏ2 இழுப்பது நல்ல முடிவு. மோட்டார், வெல்டிங் இயந்திரங்களின் மின்காந்த இரைச்சல் கண்ணாடியில் ஓடும் ஒளியைத் தொடாது. ஆபீஸின் இறுக்கமான மூலைகளிலும் ஏ2 எளிதாகத் திரும்பும். தெருவின் ஜி.652.டி இழையோடும் அதை ஒட்டவைக்கலாம். ஆனால் அத்தகைய இரைச்சல் இல்லாத இடத்தில், ஒரே கட்டடத்துக்குள் 100 மீட்டருக்குள் முடிகிற தூரத்துக்குச் சாதாரண லேன் கேபிளே போதும்.

இழைகளை ஒட்டும் ஸ்ப்ளைசிங் நடக்கும்போது குழந்தைகளைத் தள்ளி வையுங்கள். கண்ணாடித் துணுக்குகளை டேப்பில் ஒட்டி எடுத்துவிடச் சொல்லுங்கள். இழையின் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கவே கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது.

வேலை முடிந்ததும், ஒளியின் வலிமையை அளக்கும் பவர் மீட்டரில் வந்த எண்ணைக் கேட்டு, தேதியோடு மோடத்தின் அடியில் ஒட்டி வையுங்கள். பல வீட்டு மோடங்களுக்கு மைனஸ் 27 டிபிஎம்தான் கடைசிப் படி. இன்று மைனஸ் 20 இருந்து, அடுத்த தீபாவளிக்கு வெள்ளையடித்த பிறகு மைனஸ் 26 வந்தால், ஒளியில் முக்கால் பங்கு வழியில் போய்விட்டது என்று அர்த்தம். சிவப்பு விளக்குக்குக் காத்திராமல், அன்றே பீரோவின் பின்னால் பார்த்துவிடலாம்.