புதிய கோரல் ஏறவில்லை, பழைய தமிழ் இறங்கவில்லை

கேள்வி: ஐயா, திருத்தங்கலில் சிறிய டிடிபி சென்டர் வைத்திருக்கிறேன். பட்டாசு லேபிள், தினசரி காலண்டர், கல்யாணப் பத்திரிகை என்று இருபது வருடமாக இதே வேலைதான். சிஸ்டம் விண்டோஸ் 7, 32 பிட், 4 ஜிபி ராம். பழைய கோரல் டிராவும் பேஜ்மேக்கர் 7-ம் இருக்கின்றன. தமிழ் எழுத்துருவுக்கான 'லாக்' சிஸ்டத்தின் பின்னால் செருகியிருக்கிறது. பார்ட்டிகள் இப்போது அனுப்பும் கோரல் ஃபைல்கள் திறக்கவில்லை. புதிய கோரலைப் போட்டால் பாதியிலேயே நின்றுவிடுகிறது. கம்பேட்டிபிலிட்டி மோடில் போடச் சொல்கிறார் ஒருவர், விண்டோஸையே மாற்றச் சொல்கிறார் இன்னொருவர். மாற்றினால் பழைய ஃபைல்கள் என்ன ஆகுமோ என்று பயமாக இருக்கிறது.
— ஒரு வாசகி, திருத்தங்கல்

பதில்: உங்கள் பயம் நியாயமானது, அம்மா. புதிய கோரலை விலை கொடுத்து வாங்கிவிடலாம். இருபது வருடம் அடித்து வைத்த தமிழைக் கடையில் வாங்க முடியாது. அதனால் முதலில் அதைக் காப்பாற்றுவோம். கோரல் அப்புறம்.

கம்பேட்டிபிலிட்டி மோடை நம்பி நேரத்தைச் செலவழிக்காதீர்கள். பழைய மென்பொருளைப் புதிய விண்டோஸில் ஓட்டுவதற்காக வைத்த வசதி அது. உங்களுக்கு வேண்டியது தலைகீழ். ஒரு மென்பொருள் எல்லா வேலையையும் தானே செய்வதில்லை. திரையில் வரைய, ஃபைலைத் திறக்க, எழுத்துருவை எடுக்க எல்லாவற்றுக்கும் விண்டோஸைக் கூப்பிடும். புதிய கோரல் கூப்பிடும் சில பெயர்கள் விண்டோஸ் 7-இல் இல்லவே இல்லை. கோரல் டிரா 2021 முதல், குறைந்தது 64 பிட் விண்டோஸ் 10 இருந்தால்தான் ஏறும். போட்டோஷாப்பின் புதிய பதிப்புகளும் விண்டோஸ் 7-ஐக் கைவிட்டுவிட்டன. உங்களுடையது 32 பிட் விண்டோஸ், அதில் 64 பிட் மென்பொருளை ஓட்ட எந்த வழியும் கிடையாது. "நான் ஓட வைத்துத் தருகிறேன்" என்று யாராவது கிராக் காப்பியோடு வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. 2017 மே மாதம் வானாக்ரை வைரஸ் உலகம் முழுக்க ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்டபோது, அதிகம் அடிபட்டவை விண்டோஸ் 7 சிஸ்டங்கள்தான்.

இன்றைக்கு வேலை ஓட ஒரு வழி இருக்கிறது. ஃபைல் அனுப்பும் பார்ட்டியிடம், சேவ் ஆஸ் கொடுக்கும்போது கீழே உள்ள வெர்ஷன் கட்டத்தில் உங்கள் கோரலின் எண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். எழுத்தைக் கர்வ் ஆக்கி, கூடவே ஒரு பிடிஎஃப்பும் கேட்டு வாங்குங்கள். நிழல், டிரான்ஸ்பரன்சி போன்றவை பழைய வெர்ஷனில் உருமாறும். பிடிஎஃப்பைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் பிளேட்டுக்குக் கொடுக்க வேண்டாம். பசுமைப் பட்டாசுப் பெட்டிகளில் சிஎஸ்ஐஆர்-நீரி முத்திரையோடு வரும் கியூஆர் குறியில் கூடுதல் கவனம் வேண்டும். அதை ஜேபெக் படமாக மாற்றாமல் வெக்டராகவே வையுங்கள். கறுப்பு ஒன்றில் மட்டும் அச்சாகட்டும். நான்கு வண்ணமும் கலந்த கறுப்பாக இருந்தால், ரிஜிஸ்டர் விலகும்போது போன் அதைப் படிக்காமல் போகலாம்.

இனி, தமிழ். உங்கள் பேஜ்மேக்கர் ஃபைலில் இருப்பது உண்மையில் தமிழ் அல்ல. ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த ஏற்பாடு அது. அந்த எழுத்துரு இல்லாத சிஸ்டத்தில் திறந்தால், 'நல்ல நேரம்' என்று அடித்தது புரியாத ஆங்கிலக் குவியலாகத் தெரியும். அடுக்கு முறையும் வேறு. 'கொ' என்பதைப் பழைய முறை கண்ணுக்குத் தெரிகிறபடியே கொம்பு, க, கால் என்று மூன்று துண்டாக வைக்கும். யூனிகோடில் முதலில் 'க', அதன்பின் ஒகரக் குறி. தமிழக அரசு 2010-இல் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி யூனிகோடைத் தரமாக அறிவித்தது. பேஜ்மேக்கருக்கு யூனிகோடே தெரியாது. அதனால்தான் சிவகாசியில் பல மேஜைகள் அந்தக் காலத்திலேயே நின்றுபோயின. இதில் டிசைனர்கள்மேல் குற்றம் சொல்ல மாட்டேன். ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் ஆல்பம் வெளிவர வேண்டிய ஊரில், ஓடுகிற சிஸ்டத்தில் யார் கை வைப்பார்கள்?

பேஜ்மேக்கர் ஃபைலை நேரடியாகத் திறக்கத் தெரிந்த கடைசி இன்டிசைன் சிஎஸ்6. 2012-இல் வந்தது, விண்டோஸ் 7-இலும் ஓடும். தமிழ் யூனிகோடைச் சரியாகக் கோக்கும் வசதி இன்டிசைனில் வந்ததும் அதே பதிப்பில்தான். ஆக, பழைய கரையையும் புதிய கரையையும் தொடும் பாலம் அது ஒன்றுதான். அடோபி இப்போது அதை விற்பதில்லை. முறையான உரிமத்தோடு வைத்திருக்கும் அச்சகம் பக்கத்தில் இருந்தால், உங்கள் முக்கியமான ஃபைல்களை அங்கே கொண்டுபோய் மாற்றிக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால், பேஜ்மேக்கரிலிருந்து எழுத்தை மட்டும் டெக்ஸ்ட் ஃபைலாக வெளியே எடுத்து, என்எச்எம் கன்வர்ட்டரில் யூனிகோடாக்கலாம். டாப், டாம், டிஸ்கி, பாமினி வகைகளை அது மாற்றும். சில வகைகளில், இடையில் வரும் ஆங்கிலச் சொற்களையும் தமிழென்று நினைத்து மாற்றிவிடும், அவற்றை முன்பே பிரித்து வையுங்கள். காலண்டர் என்றால் மாற்றியதை ஒருவர் வாசிக்க, இன்னொருவர் பழைய தாளைப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். ராகு காலம் ஒரு நாள் தப்பினாலும் வீட்டுக்கு வீடு தொங்கும்.

பழைய எழுத்துருக்கள் டைப் 1 வகையா என்றும் பாருங்கள். 2023 ஜனவரி முதல் அடோபியின் புதிய பதிப்புகள் அவற்றை ஏற்பதில்லை.

விண்டோஸை மாற்றச் சொன்னவரின் யோசனை பாதி சரி. 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்குப் போக, இருப்பதன் மேலேயே ஏற்ற முடியாது. சுத்தமாக அழித்துத்தான் போட வேண்டும். உங்கள் சிஸ்டத்தில் அதைச் செய்யவே கூடாது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஓடும் புதிய சிஸ்டம் ஒன்றைத் தனியாக வாங்குங்கள். ராம் 16 ஜிபி இருக்கட்டும். கோரல் அதில் ஓடட்டும். பழையதை நெட்டிலிருந்து கழற்றிவிட்டு, மேஜையின் மறுபக்கம் அப்படியே வைத்திருங்கள். பென் டிரைவில் கொண்டுபோவதைப் புதிய சிஸ்டத்தில் வைரஸ் பார்த்த பிறகே திறவுங்கள்.

அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க் எத்தனை நாள் தாங்கும்? மைக்ரோசாப்ட் இலவசமாகத் தரும் டிஸ்க்2விஎச்டி, ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தையே ஒரு பெரிய ஃபைலாகப் படியெடுக்கும். அதைப் புதிய சிஸ்டத்தில் விர்ச்சுவல்பாக்ஸுக்குள் திறந்தால், உங்கள் விண்டோஸ் 7 ஒரு ஜன்னலுக்குள் ஓடும். விண்டோஸ் மறுபடி ஆக்டிவேஷன் கேட்கலாம், சிஸ்டத்தோடு வந்த உரிமம் இன்னொன்றுக்குச் செல்லாது என்பதையும் கவனியுங்கள். லாக் யூஎஸ்பி வகை என்றால் உள்ளே இணைத்துப் பார்க்கலாம். பழைய பிரின்டர் போர்ட்டில் செருகும் வகை என்றால், இன்றைய சிஸ்டங்களில் அந்த வாயே பெரும்பாலும் இல்லை. லாக் பழுதானால் உங்கள் தமிழ் முழுக்க ஒரே நாளில் பூட்டிக்கொள்ளும்.

இந்த மாற்றத்தைத் தையில் வைத்துக்கொள்ளுங்கள். காலண்டர் டெலிவரி முடிந்து கை ஓய்ந்திருக்கும். ஆனால் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கி ஃபைல்களையும் எழுத்துரு ஃபோல்டரையும் படியெடுப்பது மட்டும் தைவரை காத்திருக்க வேண்டாம். இன்று கடை சாத்துமுன் செய்துவிடுங்கள்.