மூன்று நாடா, மூன்று ரோபோ

அன்புள்ள தம்பிக்கு,

ராட்சத ரோபோக்கள் மோதும் ஆட்டம் ஒன்றைக் கற்றுக்கொள்ள ஆசை, ஆனால் விரல் வேகம் வரவில்லை என்று எழுதியிருந்தாய். ஓடிக்கொண்டே சுடும் ஆட்டங்களில் நண்பர்கள் முந்திவிடுகிறார்கள் என்ற வருத்தமும் கடிதத்தில் தெரிந்தது. விரல் வேகமே தேவைப்படாத ரோபோ ஆட்டங்கள் இருக்கின்றன. சதுரங்கம் போல முறை வைத்து ஆடுபவை அவை. உன் முறை வந்துவிட்டால் நீ முடிக்கும்வரை எதிரி அசையாது. நடுவில் எழுந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் ஆட்டம் அதே இடத்தில் காத்திருக்கும்.

அவற்றில் முதலில் கற்க வேண்டியது 'இன்டு தி பிரீச்'. ஜஸ்டின் மா, மேத்யூ டேவிஸ் என்ற இருவர் தொடங்கிய சப்செட் கேம்ஸ் என்னும் சின்ன நிறுவனம் 2018 பிப்ரவரி 27 அன்று அதைக் கணினிக்கு வெளியிட்டது. 2012இல் 'எஃப்டிஎல்' என்ற விண்கல ஆட்டத்தைச் செய்து பெயர் வாங்கியவர்களும் இவர்களே. 2018 இறுதியில் நடந்த தி கேம் அவார்ட்ஸ் விழாவில் சிறந்த வியூக ஆட்டத்துக்கான விருது 'இன்டு தி பிரீச்'சுக்குக் கிடைத்தது. 2022 ஜூலையில் விரிவாக்கிய பதிப்பு வந்தபோது, நெட்ஃபிளிக்ஸ் வழியாகக் கைப்பேசிக்கும் வந்து சேர்ந்தது.

கதை சுருக்கமானது. பூமிக்கு அடியிலிருந்து 'வெக்' எனப்படும் ராட்சதப் பூச்சிகள் கிளம்பி நகரங்களை அழிக்கின்றன. எதிர்காலத்திலிருந்து மூன்று ரோபோக்கள் காலம் கடந்து வந்து அவற்றைத் தடுக்கின்றன. போர்க்களம் எட்டுக்கு எட்டுக் கட்டம், சதுரங்கப் பலகையின் அதே அளவு. ஒவ்வொரு போரும் நாலைந்து சுற்றில் முடிந்துவிடும்.

கட்டம் உனக்குப் புதிதல்ல. காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் ஐயம்பேட்டையில் இறங்கித் தெருவுக்குள் நடந்தால் தறிச் சத்தம் கேட்கும் ஊரில் பிறந்தவன் நீ. சேலைக்கு டிசைன் போடுகிறவர் கிராஃப் தாளில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பித்தான் மயிலையும் அன்னத்தையும் கொண்டுவருகிறார். அந்தக் கட்டங்கள் ஜக்கார்டு அட்டையில் துளைகளாகின்றன. துளை இருந்தால் இழை மேலெழும், இல்லாவிட்டால் எழாது. பிரான்சில் ஜோசப் மேரி ஜக்கார்டு 1804 வாக்கில் அந்தப் பொறியைச் செய்தார். அதே துளை அட்டை யோசனையைக் கொண்டுதான் 1890இல் அமெரிக்காவின் மக்கள்தொகைக் கணக்கை ஹெர்மன் ஹொலரித்தின் எந்திரங்கள் எண்ணின. கணினியின் பூர்வீகத்தில் தறிக்கும் பங்கு உண்டு. வீடியோ கேமும் தறியும் வேறு வேறு உலகம் என்று யாராவது சொன்னால் இதை அவர்களுக்குச் சொல்.

கட்டத்தை விட முக்கியமான ஒற்றுமை கோர்வையில் இருக்கிறது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று காஞ்சிபுரம் பட்டு நெய்யும்போது ஒரே வரிசையில் ஊடை இழையைக் கொண்டுபோகும் நாடா மூன்று ஓடும். இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று, உடலுக்கு ஒன்று. நெய்கிறவர் ஒருவரால் மூன்றையும் சமாளிக்க முடியாது. பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்து கரை நாடாவை வீசித் தருவார். உடல் ஊடையும் கரை ஊடையும் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு திரும்ப வேண்டும். எந்த நாடா முன்னே, எது பின்னே என்பதில் தவறினால் கரைக்கும் உடலுக்கும் நடுவே பிளவு விழுந்துவிடும். மூன்று ரோபோவை வைத்துக்கொண்டு ஆடும் இந்த ஆட்டத்தில் வெற்றி தோல்வி பெரும்பாலும் அந்த 'எது முன்னே, எது பின்னே' என்பதில்தான் இருக்கிறது. புதிதாக ஆடுகிறவர்கள் ரோபோவின் பலத்தைப் பார்க்கிறார்கள். பழகியவர்கள் வரிசையைப் பார்க்கிறார்கள்.

இனி ஆட்டத்தின் உயிர்நாடிக்கு வருவோம். எதிரி அடுத்து என்ன செய்யப்போகிறது என்பதை இந்த ஆட்டம் முன்கூட்டியே காட்டிவிடும். பூச்சிகள் நகர்ந்து வந்து நிற்கும், எந்தக் கட்டத்தை அடிக்கப்போகின்றன என்று குறி வைக்கும், அதன் பிறகு உன் முறை. நீ முடித்த பின்தான் அவை அடிக்கும். எது முதலில் அடிக்கும், எது அடுத்து என்ற வரிசையைக்கூடப் பார்த்துக்கொள்ளலாம். தாயக்கட்டை உருட்டுவது போன்ற அதிர்ஷ்டத்துக்கு இங்கே இடம் மிகக் குறைவு. கட்டடம் ஒன்று அடி வாங்கும்போது சேதமில்லாமல் தப்பிக்கத் தொடக்கத்தில் 15 சதவீத வாய்ப்பு உண்டு. அதை நம்பி ஆடக் கூடாது.

முதல் முறை ஆடுகிறவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, பூச்சிகளைக் கொல்லப் பார்ப்பது. கொல்வது இங்கே வேலையே அல்ல. கட்டடங்களில் மக்கள் இருக்கிறார்கள். அந்தக் கட்டடங்களிலிருந்துதான் மின்சக்தியும் வருகிறது. கட்டடம் அடி வாங்க வாங்கச் சக்தி குறையும். பூஜ்யம் ஆனால் ஆட்டம் முடிந்தது. ரோபோவுக்கு விழும் அடியோ போர் முடிந்ததும் முழுக்கச் சரியாகிவிடும். ஆகவே கட்டடத்துக்குப் போகும் குண்டின் குறுக்கே ரோபோவை நிறுத்தி அடியைத் தாங்கவைப்பது பல சமயம் நல்ல ஆட்டம். ராட்சதர்கள் மோதும் படங்களில் நாயகன் வில்லனை அடிக்கும்போது நகரமே பொடியாகிறது, கடைசியில் யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. இந்த ஆட்டம் எடுக்கிறது. அதற்காகவே இதை உயர்வாக மதிக்க வேண்டும்.

ஒரு சுற்றைக் கிட்டத்தில் பார்ப்போம். தொடக்கத்தில் கிடைக்கும் அணியில் மூன்று ரோபோ. ஒன்று குத்தும்: இரண்டு புள்ளி சேதம், குத்து வாங்கியது ஒரு கட்டம் பின்னே தள்ளப்படும். இரண்டாவது பீரங்கி: நேர்க்கோட்டில் சுட்டு, ஒரு புள்ளி சேதத்தோடு தள்ளும். மூன்றாவது தூரத்தில் குண்டு போடும்: குண்டு விழுந்த கட்டத்துக்கு ஒரு புள்ளி சேதம், அதைச் சுற்றியுள்ள நான்கு கட்டத்தில் இருப்பவை வெளிப்பக்கமாகத் தள்ளப்படும்.

இப்போது களத்தின் இடது ஓரத்தில் ஒரு மின்மினிப் பூச்சி. மூன்றாவது வரிசையில் நின்று, வலது கோடியில் இருக்கும் கட்டடத்தைக் குறி வைத்திருக்கிறது. ஐந்தாவது வரிசையில் மூன்று புள்ளி உயிருள்ள தேள் ஒன்று, வலப்புறம் ஒட்டியிருக்கும் இன்னொரு கட்டடத்தைக் கொட்டத் தயாராக இருக்கிறது. தேளுக்கு நேர் கீழே நம் பீரங்கி ரோபோ நிற்கிறது. சற்றுத் தள்ளி ஒரு கட்டத்தில் மண் அதிர்கிறது. அடுத்து அங்கே புதுப் பூச்சி முளைக்கும். குத்தும் ரோபோ தேளுக்குக் கீழே நின்றால் அதை மேல்நோக்கி நான்காவது வரிசைக்குத் தள்ளலாம். ஆனால் அந்தக் கட்டத்தில் பீரங்கி இருக்கிறதே. ஆகவே முதலில் பீரங்கி விலகி, மண் அதிரும் கட்டத்தின்மேல் போய் நிற்கிறது. பூச்சி முளைக்க முடியாது. ரோபோவுக்கு ஒரு புள்ளி சேதம், பரவாயில்லை. காலியான கட்டத்தில் குத்தும் ரோபோ வந்து நின்று ஒரு குத்து. தேளுக்கு உயிர் ஒன்றுதான் மிச்சம், நான்காவது வரிசையில் நின்றுகொண்டு வெறும் கட்டத்தைக் கொட்டக் காத்திருக்கிறது. கடைசியாக, குண்டு போடும் ரோபோ மின்மினிக்கு நேர் மேலே உள்ள காலிக் கட்டத்தில் குண்டைப் போடுகிறது. மின்மினிக்குச் சேதம் இல்லை, ஒரு கட்டம் கீழே தள்ளப்பட்டது, அவ்வளவுதான். ஆனால் இப்போது அதுவும் நான்காவது வரிசையில். முதலில் அடிக்க வேண்டியது மின்மினி. சுடுகிறது. இடம் மாறினாலும் அது பழைய திசையிலேயே சுடும். குறுக்கே நிற்பது தேள். தேள் செத்தது. இரண்டு கட்டடமும் பிழைத்தன.

எதிரியை எதிரியே கொன்ற அந்தக் கணத்தில் வரும் மகிழ்ச்சியை வேக ஆட்டங்கள் தருவதில்லை.

இதற்கும் நம் ஊர் ஆட்டத்துக்கும் உறவு உண்டு. தமிழ்நாட்டுப் பழைய கோயில் மண்டபங்களின் கல்தரையில் ஆடுபுலி ஆட்டத்துக்கான கோடுகள் கீறியிருப்பதைப் பார்த்திருப்பாய். 23 இடம், மூன்று புலி, பதினைந்து ஆடு. பின்னால் இடம் காலியாக இருந்தால் புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். புலிகளை நகரவிடாமல் அடைத்துவிட்டால் ஆடு ஜெயிக்கும். அங்கேயும் எதுவும் ஒளிவு மறைவில்லை, புலி எங்கே பாயும் என்பது கோட்டைப் பார்த்தாலே தெரியும். ஆடு வைக்கிறவர் கற்கும் முதல் பாடம், ஒவ்வோர் ஆட்டுக்குப் பின்னாலும் உள்ள இடத்தை அடைப்பது. 'இன்டு தி பிரீச்'சில் உன்னிடம் இருப்பதும் மூன்றுதான். எண்ணிக்கையில் நீ புலி, வேலையில் ஆடு. வீட்டில் தாத்தா இருந்தால் புளியங்கொட்டையும் கூழாங்கல்லும் வைத்துக்கொண்டு அவரோடு ஒரு வாரம் ஆடுபுலி ஆடிவிட்டு இதைத் தொடங்கு. பாதி பயிற்சி அதிலேயே முடிந்துவிடும்.

சதுரங்கத்தோடு ஒரு வித்தியாசம். 2022இல் மாமல்லபுரத்தில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. அங்கே ஆடியவர்கள் காயைத் தொட்டுவிட்டால் அதைத்தான் நகர்த்தியாக வேண்டும். இங்கே சுடும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் நகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பலாம். ஒரு போரில் ஒரே ஒரு முறை சுற்றையே முதலிலிருந்து தொடங்கலாம். அந்த ஒரு வாய்ப்பை முதல் சுற்றிலேயே செலவழித்துவிடாதே. நகர்த்திப் பார்க்கும் சலுகையை மட்டும் தாராளமாகப் பயன்படுத்து.

எளிய நிலையில் தொடங்கு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. போர்கள் நடக்கும் தீவுகள் நான்கு இருந்தாலும் இரண்டை மீட்டதுமே இறுதிப் போருக்குப் போகலாம். நீர்நிலை பக்கத்தில் இருந்தால் பறக்காத சாதாரணப் பூச்சியை அதில் தள்ளு, எவ்வளவு உயிர் இருந்தாலும் மூழ்கிச் சாகும். கைப்பேசியில் ஆடுவதானால் ஒரு நாளைக்கு ஒரு தீவோடு நிறுத்து. தலை களைத்த பிறகு ஆடும் சுற்று எல்லாம் வீண்.

இது கைவந்தபின் போக வேண்டிய இடம் 'பேட்டில்டெக்'. 1984இல் ஃபாசா நிறுவனம் மேசை ஆட்டமாக வெளியிட்டது, முதலில் 'பேட்டில்டிராய்ட்ஸ்' என்ற பெயரில். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜோர்டன் வைஸ்மனே 2018 ஏப்ரலில் அதன் முறைவைத்து ஆடும் வீடியோ கேம் வடிவத்தையும் முன்னின்று கொண்டுவந்தார். அங்கே நான்கு ரோபோ, குறி தவறும் வாய்ப்பு, பல டன் கவசம். எல்லாவற்றையும் விட அழகு சூடுதான். எல்லா ஆயுதத்தையும் ஒரே நேரத்தில் சுட்டால் ரோபோ கொதித்துச் செயலற்று நின்றுவிடலாம். தண்ணீரில் இறங்கி நின்றால் வேகமாக ஆறும். ஆனால் மெதுவான ஆட்டம் அது, ஒரே போருக்கு ஒரு மணி நேரம்கூட ஆகும். ஜப்பானில் 1995இல் வந்த 'ஃபிரண்ட் மிஷன்' வேறு வகை: கை, கால், உடல் என்று தனித்தனியாக உடைக்கலாம். அவசரமில்லை, அடுத்த வருடம் பார்த்துக்கொள்.

முதல் ஆட்டத்தில் நீ தோற்பாய். அநேகமாக இரண்டாவது தீவில். அப்போது ஆட்டம் உன்னிடம் ஒன்று கேட்கும்: மூன்று ரோபோக்களின் ஓட்டுநர்களில் ஒருவரை மட்டும், கற்ற அனுபவத்தோடு, இன்னொரு காலத்துக்கு அனுப்பலாம், அங்கே அவர் புது அணியோடு மறுபடி தொடங்குவார். யாரை அனுப்பினாய், ஏன் அனுப்பினாய் என்று அடுத்த கடிதத்தில் எழுது.