செவி கொடுக்கும் பயிற்சி

சென்ற பருவத்தில் முதலாண்டுத் தம்பியொருவன் என் அறைக்கு வந்தான். “அண்ணா, இங்கே மொழியும் புரியவில்லை, பாடமும் புரியவில்லை. ஊருக்கே போய்விடலாமென்றிருக்கிறது” என்றான். உடனே அறிவுரை தொடங்கினேன். அவன் தலையசைத்துவிட்டுப் போய்விட்டான். பேச வந்தவன் அவன், பேசியவனோ நான்!

அந்த உறுத்தலே என்னை உளவியல் நூல்களைப் புரட்டச் செய்தது. ஆலோசகர்க்கு ஒத்துணர்வு இன்றியமையாதது என்று 1957-இல் எழுதினார் அமெரிக்க உளவியலறிஞர் கார்ல் ராஜர்ஸ். பிறர் அகவுலகைத் தன்னுடையது போலவே உணர வேண்டும். ஆனால், அந்தப் ‘போல’வை மறத்தலாகாது என்றார். மறந்தால், வெள்ளத்தில் விழுந்தவனோடு நாமும் மூழ்குவோம்.

இது பிறவிக்குணம் மட்டுமன்று; பயிற்சியாலும் வளரும். ராஜர்ஸ் 1940-களில் ஆலோசனை உரையாடல்களை ஒலித்தட்டில் பதிந்து மாணவரைப் பயிற்றினார். தம் குரலைத் தாமே கேட்கும்போதுதான், எங்கே குறுக்கிட்டோம், எங்கே அவசரப்பட்டோம் என்பது விளங்கும். கேட்டதை நம் சொல்லில் திருப்பிக் கூறி, “நான் புரிந்துகொண்டது சரிதானா?” என வினவுவது மற்றொரு பயிற்சி.

தம்பியைத் தேடிச் சென்றேன். “அன்று நீ சொன்னதை நான் கேட்கவில்லை, மறுபடி சொல்லப்பா” என்றேன். நெடுநேரம் பேசினான். ஊருக்குப் போவதா, இருப்பதா என்பதை அவன் இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால், மறுநாளும் வந்தான்.

சங்கத்திற்கு வரும் புதியவர்களுக்கு நாம் முதலில் செவி கொடுப்போம். அறிவுரை பிறகு ஆகட்டும்.