போஸ்ட்டாக்: இன்னொரு படிப்பா?

"ஏட்டி, பி.எச்.டி.யும் முடிச்சாச்சு. இன்னும் எத்தன வருசம் படிப்ப?"

தென்காசிப் பக்கம் முனைவர் பட்டம் வாங்கிய பெண்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. அக்கறையில்தான் கேட்கிறார்கள். ஆனால் போஸ்ட்டாக் என்பது பி.எச்.டி.க்கு அடுத்த பட்டம் என்ற தவறான நம்பிக்கையும் அதில் இருக்கிறது. டி.லிட்., டி.எஸ்சி. ஆகியவை பட்டங்கள். போஸ்ட்டாக், குறிப்பிட்ட காலத்துக்குச் சம்பளம் வாங்கிச் செய்யும் ஆய்வு வேலை. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2023 ஜனவரி முதல் ஆய்வுத் திட்டங்களில் போஸ்ட்டாக் நிலையிலுள்ள ரிசர்ச் அசோசியேட்டுகளுக்கு நிர்ணயித்த தொகை மாதம் 58,000 முதல் 67,000 ரூபாய் வரை. வீட்டு வாடகைப்படி தனி. இது நிரந்தர வேலை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"வாத்தியார் வேலைக்கு அந்த வருசமெல்லாம் வீண்" என்பார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளில், உதவிப் பேராசிரியர் நேர்காணலுக்கு ஆள் எடுக்கும் மதிப்பெண் பட்டியலில் கற்பித்தலுக்கும் போஸ்ட்டாக்குக்கும் ஒரே மதிப்புதான்: ஆண்டுக்கு 2, அதிகபட்சம் 10. அரசுக் கல்லூரி வேலைக்கு ஆசிரியர் தேர்வு வாரிய அறிவிப்பின் விதிகளைத் தனியே படித்துக்கொள்ளுங்கள்.

வயது தாண்டிவிட்டது என்பது அடுத்த பயம். எல்லா இடத்திலும் வயதைப் பார்ப்பதில்லை. ஜெர்மனியின் ஹும்போல்ட் உதவித்தொகை, முனைவர் பட்டம் பெற்று எத்தனை ஆண்டு ஆயிற்று என்றுதான் பார்க்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி உதவித்தொகைக்கு வயது வரம்பே இல்லை. பட்டத்துக்குப் பின் எட்டு ஆண்டு ஆய்வு அனுபவம் வரை விண்ணப்பிக்கலாம்; ஆய்வை விட்டு விலகியிருந்த காலம் அதில் சேராது. பிள்ளை வளர்ப்புக்காக நிறுத்தியவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டுக்கும் விண்ணப்பக் கட்டணம் இல்லை. ஏஜென்டுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, "நம்ம ஊர்ப் பட்டத்தை யார் மதிப்பா?" என்ற எண்ணம். உங்களைச் சேர்த்துக்கொள்ளப்போகும் பேராசிரியர் உங்கள் கட்டுரைகளையும், நீங்கள் கையில் வைத்திருக்கும் ஆய்வுக் கேள்வியையும் பார்ப்பார். கேள்விகளுக்கு இங்கே பஞ்சமில்லை. 1830-களிலேயே தாவரவியலாளர் ராபர்ட் வைட் குற்றாலத்தின் தாவரங்களைப் பற்றி எழுதினார். இன்று ஆழ்வார்குறிச்சியில் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் ஆய்வு மையமே இருக்கிறது. குற்றாலம் சித்திர சபைச் சுவரோவியங்கள், பீடி சுற்றும் பெண்களின் கூலியும் உடல்நலமும், சிற்றாற்றை நம்பிய குளத்துப் பாசனம் என்று எதை எடுத்தாலும், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் வளர்ந்தவருக்குத் தெரிந்தது வெளியிலிருந்து வருபவருக்குத் தெரிய ஆண்டுகள் ஆகும்.

வாய்ப்பு கைநழுவுவது பெரும்பாலும் கடிதத்தில்தான். "மதிப்பிற்குரிய ஐயா" என்று ஒரே மடலை நூறு பேருக்கு அனுப்பினால் யாரும் படிக்க மாட்டார்கள். ஒருவருடைய அண்மைக் கட்டுரையைப் படித்து, அதில் விடுபட்டது எது, உங்களால் என்ன சேர்க்க முடியும் என்று இரண்டு பத்தியில் எழுதுங்கள். மேரி கியூரி அழைப்பு வழக்கமாகச் செப்டம்பரில் முடிகிறது. பேராசிரியர் சம்மதித்து, இருவரும் சேர்ந்து திட்டம் எழுத மாதக்கணக்கில் ஆகும். ஆகவே குற்றாலத்தில் சாரல் தொடங்கும் முன்பே அந்தக் கடிதம் போயிருக்க வேண்டும்.