என்ஜின் மாற்றப் போறீங்களா? முதல்ல காரைப் பாருங்க!
(பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவது பற்றி ஒரு பாடம்)



ஆட்டோமொபைல் படிக்கிற நம்மில் பலருக்கும் ஒரு கனவு உண்டு. பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை மலிவாக வாங்கி, அதில் பெரிய என்ஜினை உட்கார வைத்து ஒரு மிதி மிதிக்கணும்! கனவு தப்பில்லை. ஆனால் இப்படி ஆரம்பித்த கார்களில் பல, பாதியில் பிரித்துப் போட்ட நிலையிலேயே சாமான் விலைக்குப் போய்விடுகின்றன. காரணம் பெரும்பாலும் என்ஜின் அல்ல, காரை வாங்கிய விதம்தான். இதை ஒரு நிஜ உதாரணத்தோடு பார்ப்போம்.

நம் உதாரணம்: எம்.ஜி.பி.

இங்கிலாந்தில் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான கார் எம்.ஜி.பி. இதன் என்ஜின் 1798 சிசி, 4 சிலிண்டர், வார்ப்பிரும்பு. சுமார் 95 குதிரைத்திறன்.

ரோவர் கம்பெனியிடம் 3528 சிசி வி8 என்ஜின் ஒன்று இருந்தது. அமெரிக்காவில் பியூக் கார்களுக்காகச் செய்த என்ஜின் அது. அதன் உரிமையை ரோவர் 1965ல் வாங்கியது. பிளாக், ஹெட் இரண்டுமே அலுமினியம். அதனால் 8 சிலிண்டர் இருந்தும் அதன் எடை எம்.ஜி.பி.யின் இரும்பு என்ஜின் எடைக்கு ஏறக்குறைய சமம்.

1970களின் தொடக்கத்தில் கென் காஸ்டெல்லோ என்பவர் இந்த வி8ஐ எம்.ஜி.பி.யில் பொருத்தி விற்க ஆரம்பித்தார். பிரிட்டிஷ் லேலண்ட் அவர் காரை வரவழைத்துப் பார்த்தது. பிறகு 1973ல் தானே எம்.ஜி.பி. ஜிடி வி8 என்ற காரைக் கொண்டு வந்தது. 1976 வரை 2591 கார்கள் தயாராயின. 137 குதிரைத்திறன், டார்க் சுமார் 260 நியூட்டன் மீட்டர். பழைய என்ஜினில் இது 150 அளவுதான்.

பாடம் 1: எடையைப் பார், அப்புறம் பவரைப் பார்

அதே எம்.ஜி. கம்பெனி 1967ல் இதே உடலில் 2912 சிசி, 6 சிலிண்டர் இரும்பு என்ஜினை வைத்து எம்.ஜி.சி. என்ற காரை விட்டது. முன்பக்கம் சுமார் 95 கிலோ கூடிப் போச்சு. ஸ்டியரிங்கைத் திருப்பினால் கார் வளைவில் திரும்ப அடம் பிடிக்கிறது என்று பத்திரிகைகள் எழுதின. 1969லேயே அதை நிறுத்திவிட்டார்கள். உடல் ஒன்றுதான், பவரும் கூடுதல்தான். எடை மட்டும் தப்பான இடத்தில் உட்கார்ந்துவிட்டது. ஆகவே வைக்கப் போகிற என்ஜினின் எடை என்ன, அது முன் ஆக்ஸிலுக்கு எவ்வளவு பின்னால் உட்காரும் என்ற இரண்டையும் முதலில் கணக்குப் போடுங்க.

பாடம் 2: வாங்குவது என்ஜினை அல்ல, உடலை

காரை எப்படியும் பிரிக்கத்தான் போகிறோம். அதனால் விற்கிறவர், "என்ஜின் சூப்பரா ஓடுது சார்" என்றால் அதுக்காக ஒரு பைசா கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது துரு.

எம்.ஜி.பி.க்குத் தனி சேசிஸ் கிடையாது. உடலே சேசிஸ். கதவுக்குக் கீழே பெட்டி மாதிரி ஓடும் சில் பகுதிதான் முதுகெலும்பு. கூரை இல்லாத மாடலில் சொல்லவே வேண்டாம். பாரம் அத்தனையும் அங்கேதான். இங்கே செய்ய வேண்டிய சோதனைகள்:

1. காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி சில் முழுவதும் நகர்த்துங்க. ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கு.
2. கதவு இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவா? மேலே குறுகிக் கீழே விரிந்திருந்தால் உடல் நடுவில் தொய்ந்திருக்கு.
3. ஜாக்கி வைக்கும் இடத்தில் ஜாக்கி வைத்துத் தூக்குங்க. அந்த நிலையில் கதவைத் திறந்து மூடுங்க. இறுகிப் பிடித்தால் சில் போயாச்சு.
4. பின் லீஃப் ஸ்பிரிங்கின் முன்முனை உடலோடு சேரும் இடத்தை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்க. என்ஜினின் டார்க் முழுவதும் கடைசியில் உடலைத் தள்ளுவது அந்த இடத்தில்தான்.

இந்த நாலில் ஒன்றில் தோற்றாலும் வெல்டிங் செலவு என்ஜின் செலவைத் தாண்டிவிடும். எம்.ஜி.பி.க்கு ஒரு அதிர்ஷ்டம், 1988 முதல் புத்தம் புது உடல்கூடே தயாரித்து விற்கிறார்கள். எல்லாக் காருக்கும் அந்த வசதி கிடையாது.

பாடம் 3: என்ஜினுக்குப் பின்னால் ஒரு ஊர்வலமே வரும்

யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் காசில்லை என்று நிற்கக் கூடாது. டார்க் 1.75 மடங்கு ஏறினால் கிளட்ச், கியர் பாக்ஸ், பின் ஆக்ஸில் எல்லாம் அதைத் தாங்கணும். பலர் ரோவர் எஸ்டி1 காரிலிருந்து வி8ஐயும் அதன் 5 கியர் பாக்ஸையும் சேர்த்தே எடுக்கிறார்கள்.

ஆக்ஸில் விகிதத்தை ஒரு சின்னக் கணக்கால் பார்ப்போம். டயர் ஒரு சுற்றுக்கு 1.92 மீட்டர் உருளுது என்று வைங்க. 100 கி.மீ. வேகம் என்றால் நிமிடத்துக்கு 1667 மீட்டர், அதாவது 868 சுற்று. சாதாரண எம்.ஜி.பி.யின் விகிதம் 3.909. டாப் கியரில் என்ஜின் சுமார் 3400 சுற்றில் ஓடணும். தொழிற்சாலை வி8க்கு வைத்த விகிதம் 3.07. இப்போ சுமார் 2660 சுற்று போதும். இதை மாற்றாமல் விட்டால் பெரிய என்ஜின் வீணாகக் கத்தும், பெட்ரோலும் குடிக்கும்.

பாடம் 4: ஓடுவதை நிறுத்தத் தெரியணும்

உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது. உச்ச வேகம் 168 கி.மீ.யிலிருந்து 200 கி.மீ. ஆனால் வேகம் 19 சதவீதம்தான் கூடியது. ஆனால் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆக, பிரேக் உறிஞ்ச வேண்டிய வெப்பம் ஏறக்குறைய 42 சதவீதம் கூடுது! அதனால்தான் தொழிற்சாலை வி8 காருக்குத் தடித்த டிஸ்க்கும் பெரிய கேலிப்பரும் கொடுத்தார்கள். பிரேக்குக்குப் பணம் ஒதுக்காதவர் என்ஜினைத் தொடவே கூடாது.

பாடம் 5: இடத்தை டேப் வைத்து அளங்க

என்ஜின் உள்ளே போகுதா என்று மட்டும் பார்த்தால் போதாது. பானெட் மூடணுமே! காஸ்டெல்லோவின் முதல் கார்களில் கார்புரேட்டர் உயரமாக நின்றதால் பானெட்டையே மேடாகச் செய்தார். தொழிற்சாலை தனி மேனிஃபோல்ட் செய்து கார்புரேட்டரை என்ஜினின் பின்பக்கம் கொண்டு போனது. எக்ஸாஸ்ட் குழாய்க்கும் ஸ்டியரிங் தண்டுக்கும் நடுவே விரல் போகிற இடம் இருக்கா? கூடுதல் வெப்பத்துக்கு ரேடியேட்டர் போதுமா? வாங்கும் முன்பே இதையெல்லாம் அளந்து காகிதத்தில் வரையுங்க.

பாடம் 6: காகிதமும் ஒரு பாகம்தான்

இங்கிலாந்தில் என்ஜின் மாற்றினால் பதிவுத் துறைக்குத் தெரிவித்து ஆவணத்தில் திருத்தணும். நம் நாட்டில் 1988ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு இன்னும் கண்டிப்பானது. தயாரிப்பாளர் சொன்ன விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதியாகச் சொல்லியிருக்கு. அதனால் ரோட்டில் ஓட்டுகிற வண்டியில் கை வைக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்குங்க.

முடிவாக

காரைப் பார்க்கப் போகும்போது கையில் காந்தம், ஸ்க்ரூ டிரைவர், டேப், ஒரு நோட்டு இருக்கட்டும். நோட்டில் செலவுப் பட்டியலை இந்த வரிசையில் எழுதுங்க: உடல், பிரேக், கியர் பாக்ஸ், ஆக்ஸில், கூலிங், கடைசியாக என்ஜின். மொத்தம் கையில் உள்ள பணத்தைத் தாண்டினால் வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பி வாங்க. வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவன்தான் நல்ல டெக்னீஷியன். அடுத்த கார் எங்கேயோ நமக்காகக் காத்திருக்கும்!