இளங்கொடி விழும்வரை கன்றைக் காக்க வைக்கலாமா?



நம் குழுக்களில் கடன் வாங்கி கறவை மாடு வளர்ப்பவர்கள் நிறைய பேர். மாடு கன்று போட்டது என்றால் நாம் முதலில் கேட்பது, "எத்தனை லிட்டர் கறக்குது?" என்பதுதான். கன்றைப் பற்றிக் கேட்பவர் குறைவு. இன்று பிறக்கும் கிடேரிக் கன்றை ஒழுங்காக வளர்த்தால், இரண்டரை மூன்று வருஷத்தில் கடன் இல்லாமலே நமக்கு இன்னொரு கறவை மாடு. அதற்கு முதல் நாள் கவனிப்பு மிக முக்கியம்.

கன்று விழுந்தவுடன்

மூக்கு, வாயில் உள்ள கோழையைச் சுத்தமான துணியால் துடைக்க வேண்டும். தாய் மாடு நக்கட்டும். நக்காவிட்டால் வைக்கோல் அல்லது சாக்கால் கன்றைத் தேய்த்துவிடுங்கள். மூச்சு விடத் திணறினால் வைக்கோல் துரும்பால் மூக்கைக் கூச வைத்து, நெஞ்சைத் தேய்த்துவிட வேண்டும்.

தொப்புள்கொடியை உடம்பிலிருந்து இரண்டு விரல் அகலம் விட்டு, சுத்தமான நூலால் கட்டி, கட்டுக்குக் கீழே புது பிளேடால் அறுத்து, டிங்சர் அயோடின் தடவுங்கள். மூன்று நாளைக்குத் தினமும் தடவணும். சாணி, சாம்பல் வைக்கக் கூடாது. தொப்புள் வழியே கிருமி போனால் சீழ் பிடிக்கும், மூட்டும் வீங்கும்.

சீம்பால்

"இளங்கொடி விழாம கன்னுக்குட்டிக்குப் பால் விடக்கூடாது" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. இது தவறு. மாட்டின் வயிற்றில் இருக்கும்போது கன்றுக்கு நோய் எதிர்ப்பு சக்தி போய்ச் சேருவதில்லை. அது சீம்பால் மூலமாகத்தான் கிடைக்கிறது. கன்றின் குடல் அந்த சக்தியை முதல் சில மணி நேரம்தான் நன்றாக உறிஞ்சும். நேரம் ஆக ஆகக் குறைந்து, ஒரு நாளில் நின்றுவிடும். கொடி விழ எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகலாம். அதுவரை கன்றைப் பட்டினி போட்டால் நஷ்டம் யாருக்கு? கன்று ஊட்டினால் மாட்டின் கருப்பை சுருங்கும். கொடி விழவும் அது உதவும்.

ஆகவே மடியை வெதுவெதுப்பான நீரில் கழுவி, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஊட்ட விடுங்கள். கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்காவது தினமும் கொடுக்க வேண்டும். 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர். மூன்று நான்கு வேளையாகக் கொடுக்கலாம். நிற்க முடியாத கன்றுக்குக் கறந்து பாட்டிலில் மெதுவாகப் புகட்டுங்கள். தலையை அண்ணாந்து பிடித்து ஊற்றினால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். வீட்டுக்குச் சீம்பால் காய்ச்சுவது கன்று குடித்தது போக மிச்சத்தில்தான்!

பன்னிரண்டு மணி நேரமாகியும் கொடி விழாவிட்டால் இழுக்காதீர்கள், கல் கட்டாதீர்கள். கால்நடை மருத்துவரை அழையுங்கள். கன்று கழிந்தாலும் தாமதிக்க வேண்டாம். 1962 என்ற இலவச எண்ணிலும் கூப்பிடலாம். பத்தாம் நாள் மருத்துவரிடம் கேட்டுக் குடற்புழு மருந்து கொடுங்கள்.

குழுவில் யார் மாடு ஒன்பதாம் மாதச் சினையில் இருக்கிறது என்று இந்தக் கூட்டத்திலேயே கேளுங்கள். நூல், புது பிளேடு, டிங்சர் அயோடின், சுத்தமான துணி, பால் பாட்டில் ஆகியவற்றை ஒரு பையில் போட்டுக் கொட்டகையில் மாட்டி வையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு மாடு கன்று போட்டாலும் தேட வேண்டியிருக்காது.