மொட்டைமாடித் தண்ணீருக்கு ஒரு மழைத்தோட்டம்

மொட்டைமாடிக் குழாய்த் தண்ணீர் தெருவுக்கு ஓடாமல் தங்கி, மண்ணுக்குள் இறங்க ஆழமில்லாத ஒரு பள்ளம்: மழைத்தோட்டம் அவ்வளவுதான். ஐப்பசி அடைமழைக்கு முன்பே வெட்டிவிடுங்கள். அரை அடி ஆழம் போதும். அடிப்பகுதி சமமாக இருக்கட்டும். அஸ்திவாரத்திலிருந்து 10 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். செப்டிக் டேங்க் பக்கம் வேண்டவே வேண்டாம்.

வெட்டுமுன் மண்ணைச் சோதியுங்கள். ஒரு அடிக் குழியில் தண்ணீர் நிரப்பினால் ஒரு நாளுக்குள் வற்ற வேண்டும். வற்றாவிட்டால் வேறு இடம் பாருங்கள்.

நடுவில் கல்வாழை, ஓரத்தில் வெட்டிவேர் நடலாம். தண்ணீர் விழும் இடத்தில் கூழாங்கல் பரப்பினால் மண் அரிக்காது. பெருமழையில் நிரம்பி வழிய ஒரு வழியும் அவசியம்.

கொசு முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதற்குள் தண்ணீர் வடிந்துவிடும். இரண்டு நாளுக்கு மேல் தேங்கினால் அடியில் படிந்த வண்டலை அள்ளிவிடுங்கள்.